தலைகீழாக நின்ற வேம்பு

"இதுல எது தலை, எது கால்னு சரியாச் சொல்றவங்களுக்குப் பரிசு ஏதும் உண்டா பாஸ்?" என்று கேட்டேன்.

அரசப்பன் சிரிக்கவில்லை. மதுரையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிற அவரிடம் உதவியாளனாகச் சேர்ந்த நாளிலிருந்து என் நகைச்சுவைக்கு அவர் சிரித்ததே இல்லை. சிரிப்புக்கும் கட்டணம் வாங்கலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் ஒருவேளை சிரிப்பார்.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் வளவில், அதாவது நடுக்கூடத்தில், நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். பர்மா தேக்குத் தூண்கள், பளிங்குத் தரை, மேலே சரவிளக்கு. கல்யாணத்துக்குப் பந்தி போட வேண்டிய அந்த இடத்தில் ஆளுயர மரக்கட்டைகள் முறுக்கிக்கொண்டும், வளைந்தும், வயிற்றில் துளை விழுந்தும் நின்றன. நவீனச் சிற்பக் கண்காட்சியாம். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த கல்லூரி மாணவர்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளூர் வயல்காரர் ஒருவர் ஒரு துளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்குட்டும் ஒண்ணையும் காணோமே" என்று ஏமாந்து போனார். எனக்கு அவரைத்தான் பிடித்திருந்தது.

எங்களுக்குப் பின்னால், தூணோரமாக, அக்கம்மாள் நின்றாள். இந்தச் சிற்பங்களைச் செய்த மலையாண்டியின் மனைவி. மலையாண்டி கண்டரமாணிக்கத்துத் தச்சர் வீட்டுப் பிள்ளை. கதவு நிலைகளில் யாளி செதுக்கிக்கொண்டிருந்தவர், சென்னைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து, யாளியும் இல்லாமல் பூவும் இல்லாமல் இந்த மாதிரி செதுக்க ஆரம்பித்தார். பங்குனி மாதம் ஒரு நாள் வேலைக்கென்று இந்த வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. அவரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பிவிட்டதாக இந்த வீட்டுக்காரர் மெய்யநாதன் சொல்லிவிட்டார். பினாங்கில் அவருக்கு வேறொருத்தி இருப்பதாக ஊர் சொல்லிவிட்டது. போலீஸ் எதுவும் சொல்லவில்லை.

காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவள் எங்களிடம் கேட்டது இவ்வளவுதான்.

"ஐயா, அவுக என்னைய விட்டுட்டுப் போயிட்டாகளா, இல்ல செத்துட்டாகளா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிருங்க. காலையில எந்திரிச்சா பொட்டு வைக்கிறதா வேண்டாமான்னு தெரியாமக் கண்ணாடி முன்னால நிக்கிறேன். என் அண்ணனுக நேமத்தான்பட்டியில இருந்து வண்டி கட்டிட்டு வந்திருக்காக. நாளைக்கு என்னையக் கூட்டிட்டுப் போயி, அவுகளைத் தலைமுழுகச் சொல்றாக."

எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருக்கிற நான், டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தேன்.

"வாங்க, வாங்க! எப்ப வந்தீக?"

மெய்யநாதன் கைகூப்பிக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடி, பட்டு ஜிப்பா. தூணோரம் அக்கம்மாளைப் பார்த்ததும் கூப்பிய கை அப்படியே நின்றது. பிறகு சமாளித்துக்கொண்டு சிற்பங்களைக் காட்ட ஆரம்பித்தார்.

"இது 'தாகம்'. அது 'பயணம்'. உருவத்தைத் தேடக் கூடாது. உணர்ச்சியைத்தான் தேடணும்."

"நல்லவேளை சொன்னீங்க. நான் மூக்கைத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

"கடைசியாச் செஞ்சது எது?" என்று அரசப்பன் கேட்டார்.

மெய்யநாதன் தயங்கினார். மூலையில் தனியாக நின்ற ஒரு கட்டையைக் காட்டினார். அதன் அடியில் இருந்த அட்டையில் 'காத்திருப்பு' என்று எழுதியிருந்தது. "பங்குனியிலயே முடிச்சுக் குடுத்துட்டுத்தான் கப்பலேறினாரு" என்றார். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி, மாணவர்கள் பக்கம் நகர்ந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

அரசப்பன் அந்த வேப்பங்கட்டைமேல் மூக்கை வைத்தார்.

"மோந்து பாரு ஆசைத்தம்பி."

"காலையிலயே வேப்பங்குச்சியில பல் விளக்கிட்டேன் பாஸ்."

"மோந்து பாருன்னேன்."

பார்த்தேன். பச்சை வேம்பின் கசப்பு குப்பென்று ஏறியது. அரசப்பன் ஒரு மடிப்புக்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரலில் பிசின் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பங்குனியில வெட்டுன மரம் ஆவணியில இப்படிப் பிசின் விடாது" என்றார். "ஒரு மாசத்துக்குள்ள செஞ்சது. மனுஷர் பொய் சொல்றார்."

"அப்ப மலையாண்டி பினாங்குல இருந்து கைய நீட்டிச் செதுக்கினாரா?"

அவர் பதில் சொல்வதற்குள் அக்கம்மாள் எங்களைத் தாண்டிப் போனாள். 'தொடாதீர்கள்' என்று சுவரில் எழுதியிருந்ததை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் மதிக்கவில்லை. ஒவ்வொரு சிற்பத்தையும் அடியிலிருந்து மேல்நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தாள். தடவும்போது அவள் முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூலைச் சிற்பத்தின் மேல் வைத்த கை பாதியில் நின்றது. மறுபடி தடவினாள். பிறகு மேலிருந்து கீழே தடவினாள்.

"இது தலைகீழா நிக்குது" என்றாள்.

"எப்படித் தெரியும்?" என்றார் அரசப்பன்.

"மரம் மண்ணுல எப்படி நின்னுச்சோ அப்படித்தான்யா நிறுத்தணும். அடி கீழ, நுனி மேல. தூணானாலும் சரி, கதவு நிலையானாலும் சரி. மாத்தி நிறுத்தினா எங்க வீட்டு ஆம்பளைகளுக்குச் சோறு இறங்காது. பட்டை உரிச்ச கட்டையில கண்ணால பாத்தா அடியும் நுனியும் தெரியாது. உள்ளங்கையால தடவித்தான் பாப்பாக. கீழ இருந்து மேல போனா வழுக்கிட்டுப் போகும். மேல இருந்து கீழ வந்தா நார் கையைப் பிடிக்கும். இங்க மேல போறப்பப் பிடிக்குது."

நானும் தடவிப் பார்த்தேன். முதலில் வெறும் மரமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவியபோது, மேலே போகிற கையை ஏதோ லேசாகத் தடுத்தது. கீழே வரும்போது தடையில்லை.

"தூக்கிட்டு வந்தவங்க மாத்தி வச்சிருப்பாங்க" என்றேன்.

அரசப்பன் குனிந்து பீடத்தைப் பார்த்தார். சிற்பத்தின் அடியில் ஒரு முளை செதுக்கி, அதைப் பீடத்தின் துளைக்குள் கச்சிதமாக இறக்கியிருந்தார்கள். வேறு விதமாக அதை வைக்கவே முடியாது.

"செய்யும்போதே இப்படித்தான் செஞ்சிருக்கு" என்றார். "அக்கம்மா, உம் புருஷன் வேணும்னே மாத்தியிருக்கலாமே? எல்லாத்தையும் மாத்திச் செய்யற ஆளுதானே."

"இதை மாத்த மாட்டாகய்யா. சென்னையில வாத்தியாரு ஒருக்கா மாத்தி நிறுத்தச் சொன்னாருன்னு சண்டை போட்டுப் பட்டினி கெடந்தவுக." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று கட்டையிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப இது அவுக செஞ்சதில்ல. வேற எவனோ செஞ்சு அவுக பேரைப் போட்டிருக்கான். உசுரோட இருந்தா விடுவாகளா? அவுக இல்லய்யா. அவுக இல்ல."

அவள் கை நெற்றிப் பொட்டுக்குப் போனது.

"அவசரப்படாதே தாயி" என்றார் அரசப்பன். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "உளி வெட்டைப் பாரு. மத்ததுல இருக்கிற வெட்டும் இதுல இருக்கிற வெட்டும் ஒண்ணா, வேறயா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"வெட்டு முடியற எடத்துல இடப்பக்கமா ஒரு சுழி விழுகும். அது அவுகளுக்கு மட்டும்தான் வரும். இதுலயும் இருக்கு." குழப்பத்தோடு நிமிர்ந்தாள். "செதுக்குன கை அவுக கையி. நிறுத்துன கை அவுக கையில்ல. இது எப்படிய்யா?"

அரசப்பன் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார். கட்டையின் மடிப்புகளில் பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நான் அதை எண்ணெய்க் கறை என்று நினைத்திருந்தேன்.

"ரத்தம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"பாஸ்!"

"கத்தாதே. ஒரு எடத்துல இல்ல, பல எடத்துல இருக்கு. அது இல்ல விஷயம். இங்க பாரு, கறை விழுந்த எடத்து மேலயே மறுபடி உளி ஓடியிருக்கு. ரத்தம் கொட்டக் கொட்டச் செதுக்கியிருக்கான். உங் கையில உளி பட்டா நீ என்ன செய்வே?"

"ஊரைக் கூட்டுவேன்."

"இந்த ஆளு ஊரையும் கூட்டல, உளியையும் நிறுத்தல."

"யாரோ கழுத்துல கத்தியை வச்சு வேலை வாங்கியிருக்கான் பாஸ். அடைச்சு வச்சிருக்கான்!" நான் மெய்யநாதனைப் பார்த்தேன். அந்தப் பட்டு ஜிப்பா இப்போது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகிற கதவு பூட்டியிருந்தது. 'பூச்சு வேலை நடக்கிறது' என்று அதில் அட்டை தொங்கியது. பூச்சு வேலை நடக்கிற வீட்டில் சுண்ணாம்பு வாடையே இல்லை.

"வீடு அடுத்த தெரு வரைக்கும் போகுது. பின்னால போய்ப் பாத்துட்டு வா" என்றார் அரசப்பன்.

இந்த ஊர்க்காரர்கள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லை வைக்கிறவர்கள். வெயிலில் மதில் சுவரைச் சுற்றி வருவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நுழைந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது வெட்டிய வேப்பமரத்தின் அடிக்கட்டை. வெட்டுவாய் இன்னும் வெளிறித்தான் இருந்தது. கிணற்றடியில் பித்தளைப் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவற்றுக்குத் தள்ளி, தனியாக ஒரு கல்மேல், அலுமினியத் தட்டு ஒன்றும் டம்ளர் ஒன்றும் இருந்தன. டம்ளரைச் சுற்றித் தடியான சாக்குத் துணி வைத்துச் சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆவணி வெயிலில் டம்ளருக்கு எதற்குக் கம்பளி என்று நினைத்துக்கொண்டே அதை எடுக்கக் கையை நீட்டினேன்.

"ஐயையோ, அதைத் தொடாதீக!"

சமையற்கட்டிலிருந்து நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி ஓடி வந்தாள். நான் கையை இழுத்துக்கொண்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. அதன் பிறகுதான் நான் யார், எப்படி உள்ளே வந்தேன் என்று கேட்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியது. கேட்டதற்கு நான் ஏதோ உளறினேன். அவள் பார்வை மூலையில் மூடியிருந்த ஓர் அறைக்குப் போய்த் திரும்பியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போயிருங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "அறையில அடைச்சு வச்சிருக்காங்க பாஸ், சந்தேகமே இல்ல. போலீஸைக் கூப்பிடலாம்."

"உன்னைப் பாத்ததும் அந்தம்மா என்ன சொன்னா?"

"தொடாதீகன்னு சொன்னா."

"வீட்டுக்குள்ள புகுந்தவனைப் பாத்து 'யாரு நீ'ன்னு கத்தல. 'திருடன்'னு கத்தல. 'தொடாதே'ன்னு கத்தியிருக்கா. டம்ளர் போயிடும்னு பயப்படல. உனக்கு என்னமோ ஆயிடும்னு பயந்திருக்கா."

அவர் முகம் கறுத்துவிட்டது. குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்ட நேரங்களில் அவர் முகத்தில் வருகிற தெம்பு இன்று வரவில்லை. எழுந்து போய் மெய்யநாதனின் தோளைத் தொட்டு, பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். நானும் போனேன்.

"மலையாண்டிக்குக் கையில உணர்ச்சி எப்பப் போச்சு?" என்று கேட்டார்.

மெய்யநாதன் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. அடி எது நுனி எதுன்னு கையால தடவிப் பாக்கிற ஆளு, எப்பவும் போலத் தடவித்தான் பாத்திருக்கார். இந்தத் தடவை கை ஏமாத்திருச்சு. உளி பட்டது, ரத்தம் வந்தது, வலி வரல. அதான் நிறுத்தல. சுடுறது தெரியாத கை வெந்துடக் கூடாதுன்னு டம்ளருக்குத் துணி கட்டியிருக்கு. சமையற்காரம்மா அந்த டம்ளரைப் பாத்துப் பயப்படறாங்க. அடைச்சு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். நீங்க மறைச்சு வச்சிருக்கீங்க."

"குஷ்டம்" என்றார் மெய்யநாதன். வார்த்தை வெளியே வந்ததா இல்லையா என்பது போல அவ்வளவு சன்னமாக.

நான் என் கையைக் கால்சட்டையில் துடைத்தேன். டம்ளரை நான் தொடவே இல்லை. இருந்தும் துடைத்தேன். அரசப்பன் அதைக் கவனித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மெட்ராஸ் டாக்டர் மாத்திரை குடுக்கிறாரு. வருஷக்கணக்கா சாப்பிடணுமாம், ஆனா குணமாகுமாம். லேசுல தொத்தாதுன்னும் சொல்றாரு. நான் நம்புறேன். ஊரு நம்புமா?" மெய்யநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "மலையாண்டிதான் எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு. 'ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா பாவம்னு ஒரு வாய் சோறு போடுவாக. இந்த நோய்க்காரன் பொண்டாட்டின்னா அவளைக் கெணத்துப் பக்கம்கூட விடமாட்டாக'ன்னு சொன்னாரு. இந்தக் கண்காட்சிகூட அவருக்காகத்தான் வச்சேன். சனங்க பேசற சத்தத்தைக் கதவுக்குப் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காரு." அவர் அரசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன். அவர் செத்துட்டார்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிருங்க. அவளாவது நிம்மதியா இருக்கட்டும்."

கொலைகாரனாக இருந்தால் அரசப்பனுக்கு வழி தெரியும். இங்கே பிடித்துக் கொடுக்க ஆளில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "ஏதாவது சொல்லுங்க பாஸ்" என்றேன்.

வளையல் சத்தம் கேட்டது. வாசற்படியில் அக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எங்குட்டு இருக்காக?" என்றாள்.

"வேண்டாம் தாயி" என்று மெய்யநாதன் எழுந்தார். "நான் அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அவுக எனக்குத் தாலி கட்டினாகளே, அது சத்தியம் இல்லையா? அது முந்துனதுய்யா. எங்குட்டு இருக்காக?"

மெய்யநாதன் பூட்டிய கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டாம் கட்டைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, நான் பார்த்த அதே மூலை அறைக்கு வந்தோம். உள்ளே தாழ் போட்டிருந்தது. அவரை யாரும் பூட்டவில்லை. அக்கம்மாள் கதவைத் தட்டினாள்.

"சோத்தை வாசல்ல வச்சுட்டுப் போ சின்னத்தாயி" என்றது ஓர் ஆண்குரல், சமையற்காரம்மா என்று நினைத்து.

"நாந்தான்" என்றாள் அவள்.

பிறகு அந்தக் குரல், "மலையாண்டி இங்க இல்ல. பினாங்குக்குப் போயிட்டான். போ" என்றது.

அவள் அழுவாள், கதவில் தலையை முட்டிக்கொள்வாள் என்று நான் பயந்தேன். அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். குரலில் கோபம்தான் இருந்தது.

"கடைசிக் கட்டையத் தலைகீழா நிறுத்தியிருக்கீக."

கதவை இன்னொரு முறை தட்டினாள்.

"ஊரு சனம் பூரா வந்து பாத்துட்டுப் போகுது. அடி மேல இருக்கு, நுனி கீழ இருக்கு. நான் தடவிப் பாத்தேன்."

தாழ் விலகும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது. தாடி வளர்ந்த, புருவம் உதிர்ந்துபோன ஒரு முகம் தெரிந்தது. அந்த முகத்தில் நோயைவிடப் பெரிதாக ஒரு பதற்றம் இருந்தது.

"பொய் சொல்ற" என்றார் மலையாண்டி. "நான் பாத்துத்தான் நிறுத்தினேன். ரெண்டு கையாலயும் தடவிப் பாத்தேன்."

"தலைகீழாத்தான் நிக்குது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் உதடு கோணியது. ஊர் ஒதுக்கும் என்று தெரிந்தபோது உடையாத மனிதர் அந்த ஒரு வார்த்தையில் உடைவதை நான் பார்த்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"என்னையப் பாத்துட்டேல்ல? போ" என்றார். "உன் அண்ணனுககூடப் போயிரு. தொட்டுராத, தள்ளி நில்லு. உனக்கும் வந்துரும். நில்லுங்கிறேன்ல, கிட்ட வராத."

அவர் பேசிக்கொண்டேயிருந்தார். அவள் எப்போதோ கதவிடுக்கில் கையை விட்டு, அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அது தெரியாமல், அவள் முகத்தைப் பார்த்தபடி, தள்ளி நில் தள்ளி நில் என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

"குனிஞ்சு பாருங்க" என்றாள் அக்கம்மாள்.

அவர் குனிந்து பார்த்தார்.